ரோட்டுல மணல் தானா வந்து கொட்டல, தோழர்களே!

(கூட்டேரிப்பட்டில் நடந்த இருசக்கர வாகனப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத தோழர்களுக்காக நமது பக்கத்தில் பகிர்கிறோம். முழுவதும் படியுங்கள். உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்புங்கள்.)



கூட்டேரிப்பட்டு, மயிலம், பேரணி, ஜக்காம்பேட்டை, திண்டிவனம், விக்கிரவாண்டி பகுதிகளிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கும், தாய்மார்களுக்கும், வேலை முடிஞ்சு பஸ்ல போகும்போது இதைப் போன்ல படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் என் அன்பு.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப்போறேன். நம்ம பக்கத்து டீக்கடையில அடிக்கடி கேக்குற வாக்கியம். "மணல்ல சறுக்கி விழுந்துட்டாருப்பா." அவ்வளவுதான் சொல்வாங்க. அடுத்த பேச்சுக்குப் போயிடுவாங்க.

அந்த வாக்கியத்துல விழுந்தவர் இருக்கார். மணல் இருக்கு. அந்த மணலை அங்க கொட்டினவர் இல்ல. அதை அள்ள வேண்டிய அதிகாரி இல்ல. அதனால கேக்குறவங்க மனசுல என்ன பதியுது? "அவன் பார்த்து ஓட்டியிருக்கணும்." முடிஞ்சுது வழக்கு.

பார்த்து ஓட்டணும். அதுல மாற்றுக் கருத்து இல்ல. எப்படி ஓட்டணும்னு விவரமாவே சொல்றேன். ஆனா ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு மணல் திட்டுக்கும் ஒரு காரணம் இருக்கு, ஒரு பொறுப்பாளர் இருக்கார். அவரைக் கண்டுபிடிச்சு கேக்குறதுதான் கட்சி வேலை. இன்னிக்கு இந்த ரெண்டையும் சேர்த்துப் பேசலாம்.

மணல் எங்கிருந்து வருது?

நம்ம ஊரைப் பாருங்க. சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை நடுவுல போகுது. இங்கிருந்து மயிலம் வழியா புதுச்சேரிக்கு ரோடு பிரியுது. அந்தப் பக்கம் திருவக்கரை, வானூர் வட்டாரம் முழுக்கக் கல்குவாரியும் கிரஷரும். ஜல்லி, எம்சாண்ட், கிரஷர் தூள் ஏத்தின டிப்பர் லாரி ராப்பகலா ஓடுது. தார்ப்பாய் ஒழுங்கா கட்டாத லாரி திருப்பத்துல திரும்பும்போதும், வேகத்தடையில ஏறி இறங்கும்போதும் ரெண்டு கூடை ஜல்லியைக் கொட்டிட்டுப் போகுது. திருப்பமும் வேகத்தடையும்தான் பைக்காரனுக்கு ஆபத்தான இடம். ஜல்லியும் சரியா அங்கதான் விழுது.

ரெண்டாவது, மழை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. நம்ம மாவட்டமே வெள்ளத்துல மிதந்தது யாருக்கும் மறந்திருக்காது. தண்ணி வடிஞ்ச பிறகு ரோட்டு மேல என்ன இருந்துச்சு? வண்டலும் செம்மண்ணும். ஒவ்வொரு மழைக்கும் அதே கதைதான், சின்ன அளவுல நடக்குது. வடிகால் அடைச்சிருந்தா வயல் மண்ணும் மண்பாதை மண்ணும் தார் ரோட்டுக்கு ஏறிடும். வெயில் அடிச்சதும் காஞ்சு மாவாயிடும்.

மூணாவது, ரோட்டு வேலை. மேம்பாலம், சர்வீஸ் ரோடு, குடிநீர்க் குழாய், கேபிள்... தோண்டுறாங்க, மூடுறாங்க. மிச்ச மண்ணையும் ஜல்லியையும் ஓரமா தள்ளிட்டுப் போயிடுறாங்க. எச்சரிக்கைப் பலகை இருக்காது. ராத்திரியில ஒளிரும் ஸ்டிக்கர் இருக்காது.

நாலாவது, நாமதான். ஆமாம், நாம. வீடு கட்டும்போது ஜல்லியையும் மணலையும் தெருவுல பாதியை அடைச்சுக் கொட்டுறோம். களம் இல்லாத ஊர்ல நெல்லையும் உளுந்தையும் ரோட்டுல காயவைக்கிறோம். அது விழாம இருக்க சுத்தி கல்லு வைக்கிறோம். உளுந்துச் செடியும் வைக்கோலும் பரப்பின ரோட்டுல பைக் போனா மணல்ல போற மாதிரியே சறுக்கும். விவசாயி மேல குத்தம் சொல்ல வரல. உலர்களம் கேட்டுப் போராடுறதும் நம்ம வேலைதான். ஆனா கொட்டினது யாருன்னு பேசும்போது நம்ம பங்கை மறைக்கக் கூடாது.

ஏன் சறுக்குது?

டயருக்கும் தாருக்கும் நடுவுல இருக்கிற பிடிமானம்தான் உங்க உயிர். பைக்குக்கு ரெண்டே டயர். ரோட்டைத் தொடுறது ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அளவுதான். தார் மேல உதிரி ஜல்லி கிடந்தா டயர் தாரைத் தொடாது, உருளுற கல்லைத்தான் தொடும். சிமெண்ட் தரையில கேழ்வரகைக் கொட்டி அது மேல நடந்து பாருங்க, புரியும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்துல போறீங்க. ஒரு நொடியில வண்டி சுமார் 17 மீட்டர் போயிடும். காஞ்ச தார் ரோட்டுல பிரேக் பிடிச்சா சுமார் 20 மீட்டர்ல நிக்கும். பிடிமானம் பாதியா குறைஞ்சா அதே வண்டி நிக்க 40 மீட்டர் வேணும். ஆபத்தைக் கண்ணு பார்த்து, கை பிரேக்குக்குப் போற ஒரு நொடியையும் சேர்த்தா 57 மீட்டர். அதுக்குள்ள முன்னாடி லாரி நின்னா?

இப்ப வேகத்தைப் பாதியாக்குங்க. 30 கி.மீ. அதே மணல்ல நிக்க 10 மீட்டர் போதும். வேகம் பாதியானா நிக்கிற தூரம் கால்வாசியாகுது. இது கட்சிக் கொள்கை இல்ல, இயற்பியல். யாரும் எதிர்க்க முடியாது.

மணல்ல எப்படி ஓட்டணும்?

இளைஞரணித் தம்பிகள் இதைக் கவனமா படிக்கணும்.

✅ மணலுக்கு முன்னாடியே வேகத்தைக் குறையுங்க. மணல் மேல ஏறின பிறகு பிரேக் பிடிக்கிறது தாமதம். நல்ல தார் ரோட்டுல இருக்கும்போதே பிரேக் பிடிச்சு, கியரைக் குறைச்சு, அப்புறம் மணல்ல இறங்குங்க.

✅ மணல் மேல முன் பிரேக்கைச் சட்டுனு அழுத்தாதீங்க. முன் சக்கரம் பூட்டிக்கிட்டா ஹேண்டில் உங்க பேச்சைக் கேக்காது. ஒரே நொடியில கீழ. குறைக்கவே வேண்டியிருந்தா பின் பிரேக்கை மெதுவா, விட்டு விட்டுப் பிடிங்க.

✅ வண்டியைச் சாய்க்காதீங்க. மணல் கிடக்கிற திருப்பத்துல வண்டி எவ்வளவு நேரா நிக்குதோ அவ்வளவு நல்லது. வேகம் குறைவா இருந்தா சாய்க்கத் தேவையே வராது.

✅ ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க, சட்டுனு விடவும் செய்யாதீங்க. ஒரே சீரா வைங்க. ஹேண்டிலை இரும்புப் பிடி பிடிக்காதீங்க. முழங்காலால டேங்கை அணைச்சுக்குங்க, கையைத் தளர்வா வைங்க. முன் சக்கரம் லேசா ஆடும். ஆடட்டும். பயந்து திருப்பினாதான் விழுவீங்க.

✅ கண்ணு தூரத்துல இருக்கட்டும். மணலையே உத்துப் பார்த்தா கை அங்கேயே கொண்டுபோயிடும். போக வேண்டிய வழியைப் பாருங்க.

✅ லாரி டயர் போன தடத்துல மணல் கம்மியா இருக்கும். ரோட்டு ஓரத்துலயும், நடுத்தடுப்புப் பக்கத்துலயும், ரெண்டு தடத்துக்கு நடுவுலயும்தான் சேரும். முந்திப் போறேன்னு ஓரத்துல இறங்காதீங்க.

✅ டிப்பர் பின்னாடி ஒட்டிப் போகாதீங்க. கண்ணுல தூள் விழும். முன்னாடி என்ன கிடக்குன்னும் தெரியாது.

"என் வண்டியில ஏபிஎஸ் இருக்குண்ணே"ன்னு சில தம்பிங்க சொல்வாங்க. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல இருக்கிற புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல விஷயம். அது சக்கரத்தைப் பூட்டவிடாது. ஆனா உதிரி ஜல்லியில இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. ஏபிஎஸ் இருந்தாலும் நிக்கிற தூரம் கூடத்தான் செய்யும். நம்ம பக்கம் நிறைய பேர் ஓட்டுற சின்ன வண்டியிலயும் ஸ்கூட்டர்லயும் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

டயர் மொட்டையா இருந்தா மேல சொன்ன எதுவும் உதவாது. டயர் ஓரத்துல தேய்மானக் குறி இருக்கும். பட்டை தேஞ்சு அந்தக் குறி அளவுக்கு வந்துட்டா மாத்திடுங்க. ஒரு டயர் விலையும் ஒரு நாள் ஆஸ்பத்திரி செலவும் எவ்வளவுன்னு வீட்டுல உக்காந்து கணக்குப் போடுங்க.

ஹெல்மெட் ஓட்டுறவருக்கு மட்டுமா?

2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. அதுல 44 விழுக்காட்டுக்கு மேல இருசக்கர வாகனத்துல போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். அந்த 50 ஆயிரத்துல 14,337 பேர் பின்னாடி உக்காந்து வந்தவங்க. யார் அவங்க? பெரும்பாலும் நம்ம வீட்டுப் பெண்கள், நம்ம வீட்டுப் பிள்ளைங்க.

அந்த வருஷம் நாட்டுலயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்து, 17,884 சாவு. பெருமைப்படுற முதலிடம் நமக்கு நிறைய இருக்கு. இது அந்த வரிசை இல்ல.

மணல்ல சறுக்குற வண்டி பெரும்பாலும் பக்கவாட்டுல சாயும். பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்து வர்ற அம்மாவுக்குப் பிடிச்சுக்க எதுவும் இருக்காது, தலைதான் முதல்ல அடிபடும். அதனால ரெண்டு ஹெல்மெட் வாங்குங்க. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்க. பட்டையை மாட்டுங்க. மாட்டாத ஹெல்மெட் விழுந்த உடனே தனியா ஓடிடும். நாலு வயசுக்கு மேல இருக்கிற எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டமே சொல்லுது.

பொறுப்பாளர் யார்?

இப்ப அரசியலுக்கு வருவோம்.

கோயம்புத்தூர்ல எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். தினமும் உடைஞ்ச கையையும் காலையும் பார்த்துப் பார்த்து, இதுக்கு ஆபரேஷன் தியேட்டர்ல மட்டும் தீர்வு இல்லன்னு 2012-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்குலதான் 2014-ல நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழு அமைஞ்சுது. சாலைக் குழிகளால 2013 முதல் 2017 வரை 14,926 பேர் இறந்திருக்காங்கங்கிற கணக்கு 2018-ல நீதிமன்றத்துல வந்தப்ப, இதை ஏத்துக்கவே முடியாதுன்னு நீதிபதிகள் சொன்னாங்க. ஒரு தமிழர் தொடுத்த வழக்கு நாடு முழுக்கப் பேச வெச்சுது.

2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப 198-ஏ என்ற பிரிவைச் சேர்த்தாங்க. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு இதுல தரத்தைக் கடைப்பிடிக்காம அதனால உயிர்ச்சேதமோ ஊனமோ வந்தா, சம்பந்தப்பட்ட அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம். தொகை போதாது. ஆனா சாலை சரியில்லாததும் குத்தம்தான்னு சட்டத்துல எழுதியாச்சு. அதைப் பயன்படுத்துறது நம்ம கையில இருக்கு.

அதே சட்டத்துல 194-வது பிரிவு: அளவுக்கு மேல பாரம் ஏத்தினா ரூ.20,000 அபராதம், கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. யார் ஆட்சியில இருந்தாலும் இதை அமல்படுத்தணும். நாம அதை விடாம கேக்கணும்.

எந்த ரோட்டுக்கு யார்கிட்ட போறது? போன்ல குறிச்சு வைங்க.

👉 சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும்: தேசிய நெடுஞ்சாலை ஆணையம். உதவி எண் 1033.

👉 மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள்: தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை. 'நம்ம சாலை' செயலியில போட்டோவோட புகார் போடலாம்.

👉 ஊரகச் சாலைகள்: மயிலம் ஊராட்சி ஒன்றிய அலுவலகம், இல்லன்னா உங்க ஊர் ஒன்றிய அலுவலகம். தெரு: ஊராட்சி.

👉 தார்ப்பாய் கட்டாம, பாரம் வழிய ஓடுற லாரி: திண்டிவனம் அல்லது விழுப்புரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், காவல் நிலையம். வண்டி எண், நேரம், இடம், போட்டோ வேணும்.

👉 எங்கயும் நடக்கலன்னா: முதல்வர் உதவி மையம் 1100. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துல குறைதீர் கூட்டம். எழுத்துல கொடுங்க, ரசீது வாங்குங்க. ரசீது இல்லாத மனு காத்துல போன மணல் மாதிரி.

விழுந்துட்டா என்ன செய்யணும்?

முதல்ல 108. அடிபட்டவர் ஹெல்மெட்டை முரட்டுத்தனமா கழட்டாதீங்க, கழுத்தை அசைக்காதீங்க. தூக்கி உக்காரவெச்சு தண்ணி கொடுக்காதீங்க. பின்னாடி வர்ற வண்டிகளை நிறுத்த ஒருத்தர் தள்ளி நின்னு கையைக் காட்டுங்க. ஏன்னா அதே மணல்ல அடுத்த வண்டியும் சறுக்கும்.

உதவப் போனா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்கிற பயம் வேண்டாம். 134-ஏ பிரிவு நல்லெண்ணத்தோட உதவுறவங்களைப் பாதுகாக்குது. விருப்பம் இல்லாம சாட்சியா வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

பணம் இல்லன்னு யாரும் தயங்க வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கினது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏத்துக்குது. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிச்சிருக்கு. ஆஸ்பத்திரியில இந்தத் திட்டங்களோட பேரைச் சொல்லிக் கேளுங்க.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம். இன்னொரு வண்டி மோதினா அந்த வண்டியோட இன்சூரன்ஸ்ல இழப்பீடு கேக்கலாம். மணல்ல தானா சறுக்கி விழுந்தா? எதிர் வண்டி இல்ல. குடும்பத்துக்குக் கையில எதுவும் கிடைக்காம போகலாம். அப்ப காப்பாத்துறது, உரிமையாளரே ஓட்டும்போது பொருந்துற தனிநபர் விபத்துக் காப்பீடு. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ரூ.15 லட்சம். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம்னு இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. விடாதீங்க. ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ, லைசென்ஸ் வெச்சு அவர் ஓட்டும்போதுதான் இது பொருந்தும். அப்பா பேர்ல வண்டி, மகன் ஓட்டுறார்னா இது உதவாது. மகனுக்குத் தனியா விபத்துக் காப்பீடு எடுங்க. இன்னிக்கு ராத்திரியே வீட்டுல அந்தத் தாளை எடுத்துப் பாருங்க.

அடுத்து, விபத்து நடந்த இடத்துல மணலையும் ஜல்லியையும் போட்டோ எடுங்க. பக்கத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லோ கடைப் பலகையோ தெரியுற மாதிரி எடுங்க. போலீஸ்ல புகார் எழுதும்போது "சாலையில் ஜல்லி கொட்டிக் கிடந்தது, எச்சரிக்கைப் பலகை இல்லை" என்ற வரியை எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு வரி இல்லாம போனா, கவனக்குறைவா ஓட்டினார்னு கோப்பு மூடிடும். விழுந்தவரே குத்தவாளி ஆயிடுவார். மணலைக் கொட்டினவர் பேரு எங்கயும் வராது.

கிளைத் தோழர்களுக்கு வேலை

ஒண்ணு. ஒவ்வொரு கிளையும் தன் எல்லையில மணல் சேர்ற இடங்களைப் பட்டியல் எடுக்கணும். திருப்பம், வேகத்தடை, குவாரி வழி சேர்ற இடம், வேலை நடக்கிற இடம். போட்டோவோட ஒன்றியத்துக்கு அனுப்புங்க. துறைவாரியா பிரிச்சு மனு கொடுப்போம்.

ரெண்டு. சாலைப் பராமரிப்பு ஒப்பந்தம் யார்கிட்ட, என்ன வேலை அவர் பொறுப்பு, இதைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். அந்தப் பதில்தான் அடுத்த போராட்டத்துக்கு ஆயுதம்.

மூணு. கிராம சபையில ஒரு தீர்மானம். கட்டுமானப் பொருளைத் தெருவுல கொட்டுறவர் ராத்திரிக்கு முன்னாடி ஒதுக்கணும். உலர்களம் வேணும்னும் அதே கூட்டத்துல தீர்மானம் போடுங்க.

நாலு. அவசரத்துக்கு மண்வெட்டியும் துடைப்பமும் எடுத்து நீங்களே ஒதுக்கலாம். நல்லது. ஆனா ஒதுக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, புகார் போடுங்க. ஒதுக்கும்போது எச்சரிக்கைக்கு ரெண்டு பேர் நில்லுங்க. நாம கூட்டுறதால அவங்க கடமை முடிஞ்சதா ஆகாது.

அஞ்சு. கட்சிப் பேரணியா இருந்தாலும், தலைவர் வரவேற்பா இருந்தாலும், ஹெல்மெட் இல்லாத பைக் நம்ம கொடியோட வரக்கூடாது. கொடிக்கம்பத்துக்குத் தோண்டின குழியை மூடாம, மண்ணை ரோட்டுல விட்டுட்டு வரக்கூடாது. அடுத்தவங்களைக் கேக்குற தகுதி அதுல இருந்துதான் வரும்.

தோழர்களே, விடியக்காலை பால் கேன் கட்டிக்கிட்டுப் போறவர், புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வயல் வேலைக்குப் போற அக்கா, பௌர்ணமிக்குத் திருவக்கரை போற குடும்பம், பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனைப் பார்க்க வர்ற சனம்... எல்லாரும் ரெண்டு சக்கரத்துலதான் போறாங்க. காரில் போறவருக்கு ரோட்டு மணல் ஒரு சத்தம். நமக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இனிமே டீக்கடையில யாராவது "மணல்ல சறுக்கி விழுந்துட்டார்"னு சொன்னா, நீங்க ரெண்டு கேள்வி கேளுங்க. "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" அப்புறம், "அந்த மணலை அங்க கொட்டினது யாரு, இன்னும் ஏன் அள்ளல?"

மெதுவா போங்க. பத்திரமா வீடு சேருங்க.



📌 உங்கள் ஊரில் மணல், ஜல்லி சேர்ந்திருக்கும் இடத்தை இடப்பெயருடன் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள்.

#கூட்டேரிப்பட்டு #மயிலம் #திண்டிவனம் #விழுப்புரம் #சாலைப்பாதுகாப்பு #இருசக்கரம்_நம்_உயிர்